குவைத்துக்குப் பதின்மூன்று படி

நல்லம்மா குவைத்துக்குப் போன அன்று தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அழாத பொம்பளை கிடையாது. கருப்பம்மா மூக்கைச் சிந்திய சத்தம் மேல் லயம் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து அந்த லயத்திலிருந்து எண்பதாம் வருடம் வரைக்கும் யாரும் வேலைக்கென்று வெளிநாடு போனதில்லை. போனவர்களெல்லாம் இந்தியாவுக்குப் போனவர்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பேர் வந்து, தட்டுமுட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடித்து, ஒரேயடியாகப் போனவர்கள். ஆகவே ஜனங்களுக்கு வழியனுப்பத் தெரிந்தது அந்த ஒரு விதம்தான். கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். கழுத்தில் மாலை போட்டார்கள். தப்பு மேளம் அடித்து ரோடு வரைக்கும் கூட்டிவந்து, பஸ்ஸை மறித்து வைத்துக்கொண்டு கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள்.

நல்லம்மாவும் முறை தவறாமல் தன் சாமான்களைப் பங்கு வைத்தாள். கொழுந்துக் கூடையும் கயிறும் கருப்பம்மாவுக்கு. கம்பளி பக்கத்துக் காம்பரா வீட்டுக்கு. அம்மிக்கல் எதிர் லயத்துக்கு. மறுநாள் காலையில் அவள் புருஷன் தம்பையா சம்பல் அரைக்க வழியில்லாமல், தன் வீட்டு அம்மியை எதிர் லயத்தில் இரவல் கேட்டு நின்றான் என்பது பிறகு அவள் காதுக்கு வந்த செய்தி.

பஸ் ஏறிய ஒரு மணி நேரத்தில் நல்லம்மா இறங்கினாள். இறங்கிய இடம் பதுளை பஸ் ஸ்டாண்ட்.

விஷயம் இவ்வளவுதான். குவைத்தில் வயசாளிகளோடு வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பெண்களை அனுப்பும் வாஹித் முதலாளி, அனுப்புவதற்கு முன்னால் மூன்று வாரம் தன் துணிக்கடையின் பின்கட்டில் வைத்துப் பழக்குவார். அந்தப் பழக்கத்துக்குத்தான் அவள் வந்தாள். இதை லயத்தில் சொல்லாமல் இல்லை. ஒரு தடவை சொன்னாள். தப்புச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வாயைத் திறந்தபோது மாலை கழுத்தில் விழுந்தது. முப்பத்தாறு வயதில், கல்யாணத்துக்குப் பிறகு விழுந்த முதல் மாலை. வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் பட்ட பாடெல்லாம் அந்த மாலைக்கு ஆசைப்பட்டதற்கு வட்டி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

போவதற்குக் காரணம் மகள் புஸ்பராணி. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு கதவைச் சாத்திவிடும். புஸ்பராணி பதுளை டவுனுக்குப் பஸ்ஸில் போய் எட்டாவது படித்தாள். வயது பதினாலு ஆகப்போகிறது. பதினாலு ஆனால் செக்ரோல் என்கிற தோட்டத்துக் கூலிப் பதிவில் பேர் பதிந்து கொழுந்தெடுக்க அனுப்புவதுதான் லயத்து வழக்கம். தம்பையா கெட்டவன் இல்லை. ஸ்டோரில் தேயிலை அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பாதி செவிடானவன். அதனால் எதையும் சத்தமாகவும் ஒரே தடவையிலும் சொல்லிவிடுவான்.

"நீ போய் காசு அனுப்புனா புள்ள படிக்கட்டும். தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ போகலைன்னா அவ பேர பதிஞ்சிருவேன். அப்பறம் அழுவக்கூடாது."

நல்லம்மாவின் பேர் பதினாலு வயதில் ஏறியது. அப்போதும் ஒருவர் 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்று சொல்லித்தான் ஏற்றினார். இருபத்திரண்டு வருடம் கழித்து, குவைத்தை நம்பி அதை வெட்டிவிட்டு வந்திருந்தாள்.

பழக வந்தவர்கள் ஏழு பெண்கள். பழக்கியவள் றஷீனா. குவைத்தில் நாலு வருடம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கிழவி மவுத்தானதும் திரும்பி வந்தவள். பதுளையில் மூன்று நாள் அடைமழை பெய்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டாள். மாடிப்படியில் தடுக்கி விழுவாளே தவிரக் கழற்ற மாட்டாள்.

வாஷிங் மெஷின் என்று அவள் காட்டியது ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டியின் முகத்தில் கரிக்கட்டியால் மூன்று குமிழ் வரைந்திருந்தது. ஏழு பேரும் வரிசையில் வந்து படத்தைத் திருகினார்கள். நல்லம்மா கொஞ்சம் அழுத்தித் திருகியதில் ஒரு குமிழ் கையோடு வந்துவிட்டது.

"மெஷின ஒடச்சிப் போட்டியே!" என்றாள் றஷீனா.

"கரி இருந்தா குடுங்க டீச்சர், ரிப்பேர் பண்ணிர்றேன்."

நல்லம்மாவின் பெரிய தொல்லை மெஷின் இல்லை, நாற்காலி. மேலே உட்காரச் சொன்னால் உட்காருவாள். ஆனால் றஷீனா நடந்து வரும் சத்தம் கேட்டதும் உடம்பு தானாக எழுந்து சுவரோரம் ஒதுங்கும். தோட்டத்து ரோட்டில் தொரையின் கார் வந்தால் தண்ணீர் ஓடும் கான் ஓரம் ஒதுங்கிப் பழகிய உடம்பு அது. 'உக்காருடி' என்று மனசு சொல்லும், கால் கேட்காது.

"என்னா, நான் தொரையா?"

"பழக்கமுங்க டீச்சர்."

"குவைத்துல இப்புடி செவுத்தோட ஒட்டி நின்டா, பல்லியெண்டு நெனச்சி மருந்தடிச்சிப் போடுவாங்க."

பழக்கத்துக்கு நிஜ நோயாளி ஒருத்தியும் இருந்தாள். மேல்மாடியில், வாஹித் முதலாளியைப் பெற்ற உம்மா ஸித்தி ஸுபைதா. வலப்பக்கம் விழுந்து எட்டு மாதம். கையும் காலும் விழுந்ததே தவிர நாக்கு விழவில்லை. விழுந்த பக்கத்துப் பலமெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது. பண்டாரவளையிலிருந்து வந்த ஹம்ஸியா பத்து நிமிஷத்தில் அழுதுகொண்டே இறங்கினாள். மடுல்சீமையிலிருந்து வந்தவள் தலையில் கஞ்சியோடு இறங்கினாள்.

மூன்றாவதாக நல்லம்மா ஏறினாள்.

"கையக் காட்டு," என்றாள் ஸுபைதா. காட்டினாள். கொழுந்துச் சாயம் ஏறி, விரல் நுனியெல்லாம் வெடித்துக் கறுத்த கை. "அரம் மாதிரி ஈக்கிது. இதால என்னையத் தொடாத."

"தொடாம எப்புடிங்க உம்மா கழுவுறது? ஊதி விடவா?"

கிழவி அந்தக் கையை மறுபடி பார்த்தாள். பிறகு முகத்தின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

அந்த அரக் கைக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. பக்கத்து இலை நோகாமல் நடுக் கொழுந்தை எடுப்பது. படுக்கைப் புண்ணைத் துடைக்கவும் அதே விரல்தான் வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தாள். மலச்சட்டியை முகம் சுளிக்காமல் எடுத்தாள். சுளிப்பதற்கு என்ன இருக்கிறது, லயத்துக் கக்கூசுக்கு இது எவ்வளவோ மேல். இரண்டாம் வாரம் புண் காய ஆரம்பித்தது.

ஸுபைதாவுக்கு ஒரே ஏக்கம், கீழே போய்க் கடையைப் பார்க்க வேண்டும். புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை விரலால் தடவியே விலை சொன்னவளாம். மாடிப்படி பதின்மூன்று, ஏழாவதில் ஒரு திருப்பம், ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் மூச்சுவிட முடியாது. கடை ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிப் பார்த்து, திருப்பத்தில் சிக்கி, கிழவியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். கீழே பின்னறையில் கட்டிலைப் போட்டால் தொல்லையே இல்லை. ஆனால் பின்னறையில் துணிப் பொதி இருந்தது. பொதியை ஈரம் படாமல் வைக்க வேறு இடம் இல்லை என்றார் வாஹித் முதலாளி. உம்மாவை எங்கே வைத்தாலும் ஈரம் படாது போலிருக்கிறது.

நல்லம்மா கிழவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம்பது றாத்தல் இருப்பீங்க. தண்ணிக்குக் கழிவு போட்டா எழுவத்தஞ்சு."

"என்ட ஒடம்புல எங்கடி தண்ணி?"

"அது தெரியாதுங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல கேக்காமலே வெட்டுவாங்க. எனக்கும் பழகிப்போச்சு."

பொதி கட்டும் கயிற்றை எடுத்தாள். போர்வையை நாலாக மடித்துக் கிழவியின் தொடைக்கு அடியில் கொடுத்து, கயிற்றை இரண்டு பக்கமும் மாட்டி, நெற்றிக்கு மேலே துணிச் சும்மாட்டை வைத்து, கூடை ஏற்றுகிற மாதிரி குனிந்து ஏற்றிக்கொண்டாள். மலையில் மழையில் அட்டை கடிக்க இறங்கியவளுக்குப் பதின்மூன்று படி என்ன? கிழவி அவள் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "மெல்லம், மெல்லம்," என்று கத்திக்கொண்டும், நடுநடுவே கலிமா சொல்லிக்கொண்டும் இறங்கினாள். கீழே கடையின் பின்கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததும் எதிரே தொங்கிய சேலையை இடக்கையால் தடவிப் பார்த்து, "சாயம் நிக்காது," என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் விலை.

றஷீனா தலையில் அடித்துக்கொண்டாள். "அங்க போயும் இப்புடித் தூக்கினாயெண்டா பொலிசுக்குச் சொல்லுவாங்க! நோயாளியடி அது, கொழுந்தில்ல!"

"கொழுந்தா இருந்தா பேசாம வருமுங்களே டீச்சர்," என்றாள் நல்லம்மா.

மூன்றாம் வார முடிவில் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி மாத்தையா வந்து ஏழு பேரையும் சோதித்தார். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொன்னார். நல்லம்மா புத்தகத்தில் உள்ளபடியே மாற்றினாள். கயிற்றைத் தொடவே இல்லை. மாத்தையா தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஆனி முடிவதற்குள் மற்ற ஆறு பேருக்கும் பாஸ்போர்ட் வந்தது. ஆறு பேரும் போனார்கள்.

"ஒனக்குப் பேப்பர் சுணங்குது," என்றார் வாஹித் முதலாளி. "பிரஜாவுரிமைக் கடுதாசிய சரிபாக்கிறாங்களாம்."

தோட்டத்து ஆளிடம் பேப்பர் சுணங்குகிறது என்று சொன்னால் மறுகேள்வி வராது. நல்லம்மாவின் அப்பன் ஒரு பேப்பருக்குக் காத்திருந்தே செத்துப்போனவர். அவர் செத்து நாலு வருடம் கழித்துத் தபாலில் அது வந்தது. அவர் மகள் மூன்று மாதத்தில் அவசரப்படலாமா? உம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சாப்பாடு, படுக்கப் பாய், பெருநாளுக்கு ஒரு சேலை. சம்பளம் என்று கேட்டால், 'பழக்கத்துக்கு எவனாவது சம்பளம் குடுக்குறானா' என்று முதலாளி சிரிப்பார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

லயத்துக்குத் திரும்பிப் போகவும் முடியாது. மாலையும் தப்பும் ஒப்பாரியும் வாங்கிக்கொண்டு, எட்டு மைல் தூரம் வந்து படுத்துக்கிடக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? தம்பையாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள்: 'நான் போயாச்சு என்று சொல்லி வையுங்கள், இதோ போய்விடுவேன்.' அவன் சொன்னான். அவன் வழக்கப்படி சத்தமாகச் சொன்னான். நாளாக ஆக, அவள் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு ஏழு ஒட்டகம் இருப்பதாகவும் சேர்த்துக்கொண்டான். நல்லம்மாவும் தன் பங்குக்குப் பக்கத்துக் கடையில் பேரீச்சம்பழம் வாங்கி, பள்ளிக்கூடம் விட்டுப் பின்வாசலுக்கு வரும் புஸ்பராணியிடம் கொடுத்தனுப்பினாள். லயம் முழுக்க அந்தப் பழத்தைப் பங்குபோட்டுத் தின்றுவிட்டு, இந்த ருசி நம்ம ஊரில் வராது என்று சொன்னதாம்.

சனிக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வருவார்கள். அன்றைக்கெல்லாம் நல்லம்மா வாசலை எட்டிப் பார்க்க மாட்டாள். ஒரு சனிக்கிழமை உம்மாவுக்கு மருந்து வாங்கத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மார்க்கெட் வழியாகப் போனவள், எதிரே கருப்பம்மாவைக் கண்டு கருவாட்டுக் கடை மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். கருப்பம்மா அந்தக் கடையிலேயே நின்று கால் மணி நேரம் பேரம் பேசினாள். திரும்பி வந்தபோது ஸுபைதா மூக்கைப் பொத்தினாள். "குவைத்துல மீன் மலிவா?"

இரண்டாவது கூட்டம் போனது. மூன்றாவது கூட்டம் வந்து, தேயிலைப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு நாள் புஸ்பராணி பின்வாசலில் நின்று அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அம்மா, அப்பா கணக்கப்புள்ளகிட்ட பேர் குடுத்துட்டாரு. தீபாவளி கழிஞ்ச திங்கக்கெழம விடிய ஆள் எடுக்குற பெரட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. ஒங்க கூடைய கருப்பம்மா பெரியம்மா திருப்பித் தாறேன்னுச்சு."

அவள் போன பிறகு நல்லம்மா பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். றஷீனா வந்து பக்கத்தில் நின்றாள். அதிசயமாகக் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள்.

"ஒன்ட பாஸ்போர்ட் வந்து மூணு மாசம்," என்றாள். "கல்லாவுக்குக் கீழ் லாச்சியில பூட்டி ஈக்கிது. விசாவும் வந்தது. ஒனக்குப் பதிலா வேற ஆள அனுப்பினாங்க. நான் சொன்னெண்டு சொல்லாத."

"ஏன் டீச்சர்?"

"நீ நல்லாப் பாக்கிறாய். அதான்."

நல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கங்காணியும் சொல்லாத வார்த்தை. சொல்லிவிட்டார்கள், இப்படி ஆகிவிட்டது.

அன்றிலிருந்து மோசமாக வேலை செய்வதென்று முடிவு கட்டினாள். கஞ்சியை ஆறவைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, கிழவிக்கு வாயு பிடிக்குமே என்று ஓடிப்போய்ச் சூடாக்கினாள். இரண்டு மணிக்குப் புரட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். கண் அசந்தபோது கை தானாகப் போய்ப் புரட்டிவிட்டு வந்திருந்தது. சும்மாவாவது மலச்சட்டியைக் கவிழ்க்கலாம் என்று நினைத்தாள். கவிழ்த்தால் கழுவப்போவது யார்? மூன்றாம் நாள் கைவிட்டாள். கழிவுக் கொழுந்து எடுக்கக்கூடத் தெரியாத கை. இதை வைத்துக்கொண்டு எவனை ஏமாற்றுவது?

நேராகவே போய் முதலாளியிடம் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பயந்து திரும்பியிருப்பாள்.

"வரும், பொறு. மகளப் பத்திக் கவலையா? அவளையும் இங்க கூட்டி வா. உம்மாவுக்கு ஒத்தாசையா ஈப்பாள். சாப்பாடு போடுறேன்."

தோட்டத்து செக்ரோலுக்காவது கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிட்டுக் குறிப்பான். இது கூப்பிடாமலே ஏறுகிற செக்ரோல். சரிங்க மொதலாளி என்று சொல்லிவிட்டு நல்லம்மா மாடியேறினாள்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. தோட்டமெல்லாம் முன்பணம் வாங்கிக்கொண்டு டவுனில் இறங்கியிருந்தது. வாஹித் முதலாளியின் கடையில் கால் வைக்க இடமில்லை. மாடியிலிருந்தே நல்லம்மாவுக்குக் கருப்பம்மாவின் குரல் கேட்டது. இன்னும் நாலு லயத்துக் குரலும் கேட்டது. கருவாட்டு மேசை ஒரு நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு கயிற்றை எடுத்தாள்.

"உம்மா, கடைக்குப் போவமா?"

"இண்டைக்கா? சனமா ஈக்குமே." கிழவியின் கண் மின்னியது. "தூக்கு."

ஏழாவது படித் திருப்பத்தில், நல்லம்மாவின் காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் சன்னமாக வந்தது.

"நான்தான் அவனுக்குச் சொன்ன. ஒன்னைய அனுப்ப வாணாமெண்டு."

நல்லம்மா நின்றாள். கீழே ஆறு படி.

"இந்த எடத்துல வச்சுச் சொல்றீங்களே உம்மா. போட்டுருவேன்னு பயமில்லையா?"

"நீ போட மாட்டாய். அதானே ஒன்ட கோளாறு."

நல்லம்மா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மீதி ஆறு படியும் இறங்கினாள்.

நல்லம்மா பின்கதவில் நிற்காமல் நேராகக் கடை நடுவுக்கு வந்தாள். கல்லாவுக்கு முன்னால், துணி கிழிக்கிற அகலப் பலகையில் கிழவியை இறக்கி, முதுகுக்கு இரண்டு துணிக்கட்டை அணை கொடுத்து உட்கார வைத்தாள். கயிற்றை நெற்றியிலிருந்து எடுத்து நிமிர்ந்தாள். கருப்பம்மா கையில் விரித்த சேலையோடு வாயைப் பிளந்து நின்றாள்.

"ஆத்தாடி! இது நம்ம குவைத்துக்காரியில்ல?"

கருப்பம்மா கிட்டே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, எத்தன மணி பஸ்ஸுல வந்த? ஒட்டகத்த எங்க கட்டிப்போட்ட?"

கடை முழுக்கச் சிரித்தது. கடை ஆட்களும் சிரித்தார்கள். நல்லம்மாவின் கால் சுவரோரம் ஒதுங்கப் பார்த்தது. சுவரோரம் ஆள் நின்றது, இடமில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

"வரலக்கா. போகவே இல்ல," என்றாள். "குவைத்து இந்தப் படிக்கு மேல இருக்கு. பதிமூணு படி. அஞ்சாறு மாசமா அங்கதான் கெடக்கேன். நீங்க தின்ன பேரீச்சம்பழம் பக்கத்துக் கடையில வாங்கினது."

"அடிப் பாவி! அதுக்கா நான் மாஞ்சு மாஞ்சு அழுதேன்?"

"மால போட்டீங்களா, சொல்ல வாய் வரல." பிறகு திரும்பி, கைகட்டாமல் நின்றாள். எப்படிக் கையை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மொதலாளி, கூடைய எறக்கியாச்சு. கீழ் லாச்சியில இருக்க என் பாஸ்போர்ட்டக் குடுத்து, இந்தக் கூட்டத்தோட போக என் பேர எழுதுங்க. அது வரைக்கும் மேல தூக்க மாட்டேன்."

வாஹித் முதலாளியின் முகம் சுருங்கியது. "என்னா கூத்து இது? உள்ளுக்கு வா, பேசலாம்."

"உள்ளுக்குத்தாங்க இத்தன மாசமா இருந்தேன்."

கருப்பம்மா சேலையை மடித்தாள். மெதுவாக, மடிப்புக் கலையாமல் மடித்துப் பலகையில் வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ வேலைநிறுத்தத்தில் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து பழகிய உட்காரல். பின்னாலேயே நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள்.

"அவள அப்பறம் நாங்க லயத்துல வச்சுப் பேசிக்கிறோம்," என்றாள் கருப்பம்மா. "இப்ப அவ பேப்பரக் குடுங்க மொதலாளி. குடுத்துட்டு அந்தச் சேலையில அஞ்சு ரூவா கொறைங்க."

அவர் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. வெளியே தள்ளக் கடை ஆட்களுக்குக் கண் காட்டியும் இருப்பார். ஆனால் பலகையில் இருந்த ஸுபைதாவை மறந்துவிட்டார். கிழவி அந்த மடித்த சேலையை இடக்கையால் இழுத்து, விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அஞ்சு ரூவா கொறச்சாலும் வாங்காத புள்ள. ரெண்டு கழுவலுக்குச் சாயம் போகும்." பக்கத்தில் நின்றவளின் கையிலிருந்த சீத்தைத் துணியைப் பார்த்தாள். "அது போன வருசத்துச் சரக்கு. மடிப்புல இத்துப் போயிருக்கும், விரிச்சிப் பாரு." அவள் விரித்தாள். இற்றுப் போயிருந்தது.

"உம்மா!" என்றார் முதலாளி.

"என்னையக் கொண்டு போய் மேல வை, நான் பேசல. ஆரு தூக்குற? நீ தூக்குறியா?" பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "லாச்சியத் தொற, வாஹித். இவள் போனா எனக்குக் கஷ்டம். போகாட்டி ஒனக்குக் கஷ்டம். இண்டைக்கு நான் அஞ்சு மணி மட்டும் இங்கதான் ஈப்பேன்."

அடுத்த துணியை எடுக்க அவள் கை நீண்டது. அதற்குள் லாச்சி திறந்து பாஸ்போர்ட் வெளியே வந்துவிட்டது. றஷீனா கறுப்புக் கண்ணாடியோடு வந்து, எல்லோரும் பார்க்க, தீபாவளி கழிந்து போகும் கூட்டத்தின் பட்டியலில் கடைசிப் பேராக நல்லம்மாவின் பேரை எழுதினாள். எழுதிய பேரைக் கருப்பம்மா வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது; ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள்.

தீபாவளிச் சரக்கு விற்றுத் தீர்ந்ததும் பின்னறையில் மீதியிருந்த பொதியை மாடிக்கு ஏற்றிவிட்டு, ஸுபைதாவின் கட்டிலைக் கீழே போட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக முடியாத காரியம் அரை நாளில் முடிந்தது. நல்லம்மா சொல்லிக்கொள்ளப் போனபோது கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"போறேங்க உம்மா."

"போ. அங்க நல்லாப் பாக்காத," என்றாள் கிழவி. "பாத்தாயெண்டா விட மாட்டாங்க."

லயத்தில் அந்தத் தடவை தேங்காயும் இல்லை, தப்பும் இல்லை. இரண்டு நாள் ஏச்சு மட்டும் இருந்தது. தீபாவளிப் பலகாரத்துக்கு மாவரைக்க எதிர் லயத்துக்குப் போய்த் தன் அம்மியை நல்லம்மாவும் இரவல் கேட்டாள். அவர்கள் யோசித்துத்தான் கொடுத்தார்கள். தம்பையா கணக்கப்பிள்ளையிடம் போய் மகள் பேரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தான். வாங்கியதை வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை விடியலில் பெரட்டுத் தப்பு அடித்தது. நல்லம்மா பெட்டியோடு ரோட்டில் நின்றாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் புத்தகப் பையுமாகப் புஸ்பராணி. கருப்பம்மா மட்டும், கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, மலைக்குப் போகிற வழியில் நின்றாள்.

"அழலியாக்கா?"

"ஒருக்கா அழுதாச்சு. அதுக்கே நீ கணக்குக் காட்டல. குவைத்து ஸ்டாம்பு ஒட்டுன கடுதாசி வரட்டும், லயமே சேந்து அழுவோம். இப்ப பெரட்டுக்கு நேரமாச்சு."

பஸ் வந்தது. கண்டக்டர் எங்கே என்று கேட்டான். நல்லம்மாவுக்குக் குவைத்து என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு தடவை பட்டது போதாதா?

"பதுளைக்கு ரெண்டு," என்றாள்.